வலிக்காத இடம்

டாக்டர் வசுமதியின் வலது முழங்கால் என் மேசையில் பதினோரு வாரம் நடந்தது.

ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே உடல் சூட்டில் வெளிர்மஞ்சள் திரவம். அதில் இரண்டு எலும்பு முனைகளின் அச்சு. அவற்றின் மேல் அவருடைய உயிரணுக்களிலிருந்து குருத்தெலும்பு வளர்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து ஓர் உலோகத் தண்டு அழுத்தும், கொஞ்சம் திருகும், விடும், மறுபடி அழுத்தும். ஓர் அழுத்தம் ஓர் அடி. நாளைக்கு ஒன்பதாயிரம் அடிகள். நாங்கள் அதை நடைப்பெட்டி என்று சொல்வோம்.

"சும்மா வளத்தா அது வெறும் ஜவ்வு. நடக்க விட்டாத்தான் மூட்டு" என்பார் எங்கள் ஆய்வகத் தலைவர் ஜெபராஜ் சார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்வார். பிறகு தானே சிரித்துக்கொண்டு, "நாங்க காலுக்குப் பள்ளிக்கூடம் நடத்துறோம்" என்பார்.

அவர் சொல்வது சரிதான். புல்தரையில் ஆட்கள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுகிறது இல்லையா, அதேபோல எடை எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமாகக் குருத்தெலும்பின் நார்கள் படிகின்றன. யாருடைய நடையில் அழுத்துகிறோமோ அந்த நடைக்கான மூட்டாக அது வளர்கிறது. உடலுக்குள் வைத்துத் தைத்த பிறகு அதை மாற்ற முடியாது. முதலில் கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆறேழு மாதத்தில் மூட்டு சொல்கிறபடி தசையும் கேட்கத் தொடங்கிவிடும்.

வழக்கமாக நோயாளியின் பழைய நடையையே பயன்படுத்துவோம். இப்போது எல்லோருடைய செருப்பும் நடையைப் பதிந்து வைக்கிறது. மூட்டு தேயும் முன்பு இருந்த நடையை எடுத்துப் பெட்டிக்குக் கொடுத்தால் போதும். வயதானவர்களிடம் அப்படிப் பதிவு இருப்பதில்லை. அவர்களுக்கு வேறொருவரின் நடை வேண்டும். அந்த வேறொருவர் இறந்தவராகவோ, அந்த நடையை இழந்தவராகவோ இருக்க வேண்டும். இது சட்டம். வங்கிக் கதவும் ரேஷன் கடையும் நடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. அதனால் ஒரு நடை ஒரே நேரத்தில் ஓர் உடலில்தான் இருக்கலாம்.

டாக்டர் வசுமதி முதல் முறை வந்தபோது ஜெபராஜ் சார் இதையெல்லாம் விளக்கிவிட்டு, பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். ஒரு நூற்பாலையில் இருபது வருடம் டாக்டராக இருந்தாராம். ஆயிரம் பெண் பிள்ளைகளுக்கு, நடையைப் பதியும் முழங்கால் பட்டை மாட்டிவிட்டிருக்கிறாராம். தான் ஒரு நாள்கூட மாட்டிக்கொண்டதில்லையாம்.

"அதெல்லாம் வேலை செய்யுற பிள்ளைங்களுக்கு" என்றார்.

நான் மூலையில் உட்கார்ந்து அவருடைய உயரத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அவர் கவனிக்கவில்லை. பொதுவாக என்னை யாரும் கவனிப்பதில்லை. ஓர் அறையில் நான் இருப்பது பல நேரம் எனக்கே தெரியாது.

முகம் எனக்கு நினைவில் இல்லை. குரல் இருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்பு கேட்ட குரல்.

*

என் அக்கா பூமாரிக்கு அப்போது பதினாறு வயது. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். ராஜபாளையத்துக்கு அந்தப்புறம் ஒரு நூற்பாலையில் விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். இயந்திர வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த நூலைப் பிடித்து ஒட்ட வேண்டும். ஒரு ஷிஃப்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். எத்தனை அடி நடந்தாள் என்பதை முழங்கால் பட்டை பதிந்துகொண்டிருக்கும். நின்றால் சிவப்பு விளக்கு எரியும்.

நான்காவது மாதம் வலது முழங்கால் வலித்தது. ஆலை டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். முழங்காலைப் படம் எடுத்தார். ஒன்றுமில்லை. அடுத்த மாதம் மறுபடி எடுத்தார். ஒன்றுமில்லை. அக்காவின் பாதம் வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. கூட இருந்த பிள்ளைகள் அவளை வாத்து என்று கூப்பிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. விடுதித் தாழ்வாரத்தில் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். நான்கு முறை. பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். நான்காவது முறை அக்கா திரும்பியபோது அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நடிப்பு நல்லா வருது உனக்கு. மில்லுக்கு ஏன் வந்த, சினிமாவுக்குப் போயிருக்கலாமே."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும், டாக்டர் சிரிக்கிறாரே என்று, சிரித்தாள்.

அன்று அவர் எழுதிக்கொடுத்த சான்றிதழின் நகல் எங்கள் வீட்டில் பல வருடம் இருந்தது. 'உடற்குறை ஏதுமில்லை. வேலையைத் தவிர்க்க நடிக்கிறார். முழுத் தகுதி.' கீழே கையெழுத்து. நான் எழுத்துக்கூட்டாமல் வாசித்த முதல் வாக்கியங்கள் அவைதாம் என்று நினைக்கிறேன்.

அக்கா மேலும் ஐந்து மாதம் நடந்தாள். பிறகு ஒருநாள் இயந்திரங்களுக்கு நடுவே விழுந்தாள். பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் முழங்காலைத் தொடவே இல்லை. தொடையை மடக்கி இடுப்பைத் திருப்பினார். அக்கா அலறினாள். வளரும் வயதில் தொடை எலும்பின் பந்து அதன் கழுத்திலிருந்து சரிந்துவிடும், கரண்டி காம்பிலிருந்து கழன்று சரிவதுபோல, என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். இடுப்புக்குப் போகும் நரம்பேதான் முழங்காலுக்கும் போகிறது. அதனால் கெடுவது இடுப்பு, கத்துவது முழங்கால். முதல் மாதமே பார்த்திருந்தால் ஒரு திருகாணியில் முடிந்திருக்கும். இப்போது அந்தப் பந்துக்கு ரத்தம் போகவில்லை, செத்துவிட்டது என்றார்.

பள்ளிக்கூடத்தில் மூட்டு வகைகள் பாடம் வந்தது. இடுப்பில் பந்துக் கிண்ண மூட்டு. முழங்காலில் கீல் மூட்டு. கழுத்தில் முளை மூட்டு. கட்டைவிரல் அடியில் சேண மூட்டு. எலும்புக்கூட்டின் படத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அம்பு. ஒன்று கெட்டால் இன்னொன்று என்ன செய்யும் என்று ஒரு வரிகூட இல்லை. நான் இடுப்பைச் சிவப்புப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்துத் தாளைக் கிழித்துவிட்டேன். டீச்சர் திட்டினார். அப்புறம் விலங்கியல் படித்தேன். இந்த ஆய்வகத்துக்கு வந்தேன்.

வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். ஐந்து வருடம் வேலை செய்தால் ரத்த உறவுக்காரர் ஒருவருக்கு ஒரு மூட்டு வளர்த்துக் கொடுப்பார்கள். மூன்றே முக்கால் வருடம் முடிந்திருந்தது.

அக்காவின் நடை கிடைத்துவிட்டிருந்தது. ஆலையை மூடியபோது பட்டைகளின் பதிவுகள் எல்லாம் பொது நடைப்பதிவகத்துக்குப் போயின. தேடி எடுத்தேன். பதினோரு மாதம். முதல் மூன்று மாதம் பதினாறு வயதுப் பெண்ணின் சுத்தமான நடை. இடுப்புக்கு மற்றவர் நடை பொருந்தாது, அவளுடைய புது இடுப்பை அதில்தான் வளர்க்க வேண்டும். வேறு எங்கேயும் அவள் நடை இல்லை. அவள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். யாருக்கு என்ற இடத்தை நான் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மதுரையில் நாங்கள் இருவரும் ஒரு தரைத்தள வீட்டில் இருக்கிறோம். அக்கா உயரமான முக்காலியில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பாள். தாழ்வாக உட்கார இடுப்பு மடங்காது. ஒருநாள் வாயில் நூலோடு கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பதிவுல ஓடுனதும் இருக்குமா?"

"எப்ப ஓடுன?"

"தீவாளி லீவுக்கு. பஸ்ஸ விட்டுரக்கூடாதுன்னு மில்லு வாசல்லருந்து ஓடுனோம்லா. பட்டையக் கழட்டாமலே ஓடிட்டேன்."

தேடிப் பார்த்தேன். இருந்தது. இரண்டாவது மாதம், நான்கு நிமிடம். அதையும் சேர்த்து வளர்க்கலாமா என்று கேட்டாள். வளர்க்கலாம் என்றேன். ஒரு வாரம் பாட்டுப் பாடிக்கொண்டே கொக்கி தைத்தாள்.

*

டாக்டர் வசுமதிக்கு நடை தேடியபோது கணினி மூன்று பதிவுகளைக் காட்டியது. உயரம், எடை, தொடை எலும்பின் நீளம் எல்லாம் பொருந்தியவை. பெயர் காட்டாது, எண் மட்டும்தான். மூன்றாவது எண் எனக்கு மனப்பாடம்.

அது அந்தப் பட்டியலில் வந்திருக்கக் கூடாது. கடைசி எட்டு மாதம் நொண்டி நடந்த நடை. பதிவகம் எல்லாப் பதிவையும் ஆரோக்கியமானது, ஆரோக்கியமற்றது என்று பிரித்து வைத்திருக்கிறது. திறந்து பார்த்தேன். பதினோரு மாதமும் ஆரோக்கியமானது என்று இருந்தது. ஆதாரம் என்ற இடத்தைத் தொட்டேன். ஆலை டாக்டரின் சான்றிதழ் விரிந்தது. உடற்குறை ஏதுமில்லை. முழுத் தகுதி. கையெழுத்து.

ஜெபராஜ் சார் சாப்பாட்டு டப்பாவோடு என் பின்னால் வந்து நின்றார். திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"மூணுமே நல்ல நடைதான் இசக்கி. உனக்கு எது தோணுதோ அதப் போட்டுவிடு" என்றார்.

எந்த மாதத்தை எடுப்பது என்பதும் என் வேலைதான். முப்பது நாள் வேண்டும். நான் மூன்றாவது எண்ணைத் தொட்டேன். கடைசி மாதத்தைத் தொட்டேன். படிவத்தில் காலியாக இருந்த இடத்தில் டாக்டர் வசுமதியின் நோயாளி எண்ணை எழுதினேன்.

நான் எதையும் திருத்தவில்லை, எதையும் மறைக்கவில்லை. அவருடைய கையெழுத்தை நம்பினேன், அவ்வளவுதான். பதினோரு வாரமும் எனக்கு நானே இதைச் சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொள்ளாதது ஒன்று இருந்தது. அந்த முழங்கால் அவர் உடம்பில் இருக்கும்வரை அந்தப் பதிவு பூட்டப்பட்டிருக்கும். முழுப் பதிவும். கடைசி மாதம் மட்டுமல்ல, முதல் மூன்று மாதமும், அந்த நான்கு நிமிடமும். ஒரு நடை, ஓர் உடல். இந்த மூட்டுகள் இருபது வருடம் உழைக்கும்.

அக்காவுக்கு இன்னும் ஒன்றேகால் வருடம் இருக்கிறதே, அதற்குள் சட்டம் மாறலாம் என்று நினைத்தேன். அவள் எலும்பு ரொம்பக் கெட்டுவிட்டது, அறுவை டாக்டர்கள் எப்படியும் மறுத்துவிடலாம் என்று நினைத்தேன். நிறைய நினைத்தேன். எதுவும் காரணம் இல்லை. அந்தப் பெண்மணி ஒரு தாழ்வாரத்தில் நடப்பதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுதான் காரணம்.

பெட்டிக்குள் தண்டு அழுத்திற்று. ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. அக்கா விழுவதற்கு முந்தின மாதத்து நடை. நான் மதியச் சாப்பாட்டை அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். தயிர்சாதம் ருசியாக இருந்தது.

*

அறுவை நன்றாக முடிந்தது. மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு டாக்டர் வசுமதி கைத்தடி இல்லாமல் வந்தார். ஆய்வகத்தில் எல்லோருக்கும் பால்கோவா. என் கையில் ஒரு பெட்டியை வைத்து, "நீதானம்மா வளத்த. நல்லா இருக்கணும்" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா விரலால் வழித்துச் சாப்பிட்டாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். ஒரு பேஷண்ட் என்றேன்.

ஆறாம் மாதம் அவருடைய வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது, நடு முதுகில் ஆணி அடித்ததுபோல் வலிக்கிறது என்றார். முதுகெலும்பு டாக்டரைப் பார்த்தாராம். இடுப்புப் பகுதியில் நான்காவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே தட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. அறுபது வயதில் யாருக்கும் இருப்பதுதான். இடுப்பு மூட்டைப் படம் எடுத்தார்கள். சுத்தம். பெல்ட் போட்டுக்கொண்டார். இழுவைச் சிகிச்சை எடுத்தார். முதுகில் ஊசி போட்டுக்கொண்டார். முழங்காலையும் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்தார்கள். நான் வளர்த்த மூட்டின் படம் அது. அவ்வளவு அழகான குருத்தெலும்பை நான் பார்த்ததில்லை.

பத்தாம் மாதம் கைத்தடி மறுபடி வந்தது. தூங்க முடியவில்லை, குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை என்றார். கூடப் படித்த டாக்டர் ஒருவர், மனநல மருத்துவரைப் பாரேன் என்று சொல்லிவிட்டாராம். 

"முப்பத்தஞ்சு வருஷம் டாக்டரா இருந்திருக்கேன் ஜெபராஜ். எனக்கு வலிக்குதுன்னு நான் சொல்றேன். மனசுல வலிங்கிறான்."

ஜெபராஜ் சார் வயசு, உடம்பு என்று ஏதோ ஆறுதல் சொன்னார். அவருக்கும் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது. டாக்டர் போன பிறகு என்னிடம், "பாவம். தனியா இருக்காங்கல்ல, அதான் யாராவது கவனிக்கணும்னு தோணுது" என்றார்.

நான் கோப்பில் எழுதினேன். 'மூட்டில் குறை ஏதுமில்லை. கூறும் வலிக்கு ஆதாரம் இல்லை.' பழைய சான்றிதழின் சந்தம் வர வேண்டும் என்று இரண்டு முறை அடித்துத் திருத்தினேன்.

வருட முடிவுப் பரிசோதனைக்கு அவருக்கு நாள் குறித்தேன். அதே நாளில் அக்காவை ஆட்டோவில் கூட்டிவந்தேன். இடுப்பை அளக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

எங்கள் நடைத் தாழ்வாரம் இருபது மீட்டர். தரைக்கு அடியில் அழுத்தத்தை அளக்கும் தட்டுகள். கோடியில் ஒரு பெஞ்சு. அதன் அருகே என் மேசையும் திரையும். அக்கா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெஞ்சின் நுனியில் உடம்பை ஒருக்களித்து வைத்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டையும் கொக்கி டப்பாவையும் எடுத்தாள். அவளால் சும்மா உட்கார முடியாது.

டாக்டர் வசுமதியை அந்தக் கோடியிலிருந்து நடக்கச் சொன்னேன். கைத்தடி வேண்டாம் என்றேன். நான்கு முறை நடக்க வேண்டும் என்றேன். வழக்கமாக இரண்டு போதும்.

அவர் நடந்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. பாதம் வெளியே. உடம்பு வலது பக்கம் சரிந்து, பிடித்து, மறுபடி சரிந்து. நான் அந்தப் பெண்மணியைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் முறை அவள் நிமிரவில்லை. சத்தத்தைக் கேட்டாள் என்று நினைக்கிறேன், ஊசி நின்றது. இரண்டாவது முறை நிமிர்ந்து பாதங்களைப் பார்த்தாள். மூன்றாவது முறை முகத்தைப் பார்த்தாள். நான்காவது முறை பார்க்கவில்லை. மடியிலிருந்த துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

டாக்டர் வசுமதி மூச்சு வாங்க வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். அக்கா யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஊன்றுகோலை ஒரு முறை பார்த்தார். நோயாளிகள் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை.

"எங்க வலிக்கி டாக்டரம்மா?" என்றாள் அக்கா.

தான் டாக்டர் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

"இடுப்புல. அப்புறம் நடு முதுகுல. குனிஞ்சா உயிர் போகுது."

"முழங்கால்ல?"

"அங்க துளிகூட இல்லம்மா. அது புதுசு."

"அப்பம் அங்கதான் இருக்கு."

டாக்டர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு.

"சிரிக்காதீங்க. வலிக்கித எடம் ஒண்ணு, கெட்டுப்போன எடம் ஒண்ணு. எனக்கு முழங்காலுதான் வலிச்சுது. இடுப்புதான் செத்துப்போச்சு. வலிக்காத எடத்த ஒருத்தரும் பாக்கல."

"நீங்க இதெல்லாம் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல. நடந்திருக்கேன்."

டாக்டர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். ஏதோ நினைவுக்கு வருகிறது என்று எனக்குத் தோன்றியது. வரவில்லை. தலையை ஆட்டினார்.

"முழங்கால நாலு தடவ எடுத்துப் பாத்தாச்சும்மா. படத்துல ஒண்ணும் இல்ல. படம் பொய் சொல்லாது."

"நீங்க படத்த வைங்க. அந்த முழங்கால எடுக்கச் சொல்லுங்க. வேற வைக்கச் சொல்லுங்க. நான் சொல்லுதேன்லா."

டாக்டர் வசுமதி என் பக்கம் திரும்பினார். ஒரு வருடத்தில் முதல் முறையாக என்னை முழுதாகப் பார்த்தார். கண்ணில் நீர் இருந்தது.

"நீ சொல்லு. நீதான வளத்த. முழங்கால்ல ஏதாவது இருக்கா?"

பதிவு பொருந்தவில்லை. இந்த இரண்டு சொற்களைச் சொன்னால் போதும். வருடத்துக்கு இரண்டு பேருக்காவது நாங்கள் இப்படி எழுதுகிறோம். யார் மேலும் நடவடிக்கை வராது. மூட்டை வெளியே எடுப்பார்கள். வேறு நடையில் வேறு முழங்கால் வளரும். பூட்டு திறக்கும். முதல் மூன்று மாதம், அந்த நான்கு நிமிடம், எல்லாம் அக்காவுக்குத் திரும்பும். எனக்கு ஐந்து வருடம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அவளுடைய இடுப்பு இதே மேசையில் நடக்கத் தொடங்கியிருக்கும்.

தாழ்வாரத்தில் பிள்ளைகள் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா சிரித்ததும்.

நான் திரையைப் பார்த்தேன். குருத்தெலும்பு கருநீலத்தில் பளபளத்தது.

"படத்துல ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

டாக்டர் வசுமதி அக்காவிடம், "பாத்தீங்களா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளிக்கதவு வரைக்கும் எங்களுக்குச் சத்தம் கேட்டது. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

கதவு மூடிக்கொண்டது. அக்கா ஒரு கொக்கியைத் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் அறுத்தாள்.

"என் நடைய எனக்குத் தெரியாதா" என்றாள்.

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அதுல ஓடுனதையும் குடுத்துட்டியா?"

இல்லை, கடைசி மாதம் மட்டும்தான் என்றேன். அவள் முகம் சட்டென்று தெளிந்தது. அப்படியானால் ஓடியது பத்திரமாக இருக்கிறதா, தனக்கு வைப்பார்களா என்று கேட்டாள். நான் சட்டத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நடை, ஓர் உடல். மெதுவாகத்தான் சொன்னேன். 

"அவிய அத எடுத்துட்டா?"

"எடுத்துட்டா உனக்கு வந்துரும்."

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பாவ."

"அக்கா, அன்னைக்கு அவங்க உன்ன என்ன பண்ணாங்க தெரியும்ல."

"எனக்குத் தெரியாம உனக்கா தெரியும் ஏட்டி?"

அவள் கொக்கி டப்பாவை மூடினாள். ஜாக்கெட்டை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து ஊன்றுகோலை அக்குளில் கொடுத்தாள். நான் கை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"அவியளும் அன்னைக்கு என் மூஞ்சியப் பாக்கல" என்றாள். "படத்தப் பாத்துக்கிட்டேதான் சொன்னாவ."

ஊன்றுகோலின் சத்தம் தாழ்வாரத்தில் போயிற்று. தரைத்தட்டுகள் ஒவ்வோர் அடியையும் அளந்து காட்டின. அந்த நடைக்குரியவர் யார் என்று தேடி, பதிவில் இல்லை என்று எழுதின.

நான் அப்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.